நுனி உடைந்த அரசங்குச்சி

டக்!

மூன்றாவது குச்சியின் நுனியும் உடைந்தது.

யுவராணி அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். சத்தம் நன்றாகத்தான் இருந்தது. வெண்டைக்காய் இப்படி உடைந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல்... அது அம்மா சொல்லிக்கொடுத்த பாடம். ஹோமக் குச்சியை எப்படிப் பார்த்து வாங்குவது என்று யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. தெரிந்ததை வைத்துத்தானே தெரியாததைச் சோதிக்க முடியும்?

நான்காவதை எடுத்தாள்.

“ஏங்க... ஏங்க... நில்லுங்க! இன்னா பண்றீங்க?”

ஆவடி மார்க்கெட் தெருவில் அந்தப் பூஜை சாமான் கடை கொஞ்சம் இருட்டு. உள்ளிருந்து ஓடிவந்தவனின் இரண்டு கைகளிலும் மஞ்சள்தூள். முப்பது வயது இருக்கும். மஞ்சள் ஒட்டிய விரல்களால் அவள் கையிலிருந்த குச்சியைத் தொடவும் முடியாமல், பறிக்கவும் முடியாமல் தவித்தான்.

“பாத்துதான் வாங்குவேன். இதுல இன்னா தப்பு?” என்றாள் யுவராணி. “வளைஞ்சதெல்லாம் அந்தப் பக்கம் ஒதுக்கி வெச்சிட்டேன். அதையெல்லாம் மாத்தி ஒரே அளவா குடுங்க.”

அம்பத்தூர் எஸ்டேட்டில் கியர் செய்யும் கம்பெனி ஒன்றில் அவளுக்குத் தரம் பார்க்கும் வேலை. நாளெல்லாம் தடவி, அளந்து, தேறாததை ஒதுக்கி ஒதுக்கி, கை அப்படிப் பழகிவிட்டது.

“மேடம், மரம் ஸ்கேல் வெச்சிக்கினு வளராதுங்க!” அவன் உடைந்த மூன்று நுனிகளையும் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான். நெற்றியெல்லாம் மஞ்சள். “ஐயோ... நுனி உடைஞ்ச சமித்துக் குச்சிய நெருப்புல போடவே மாட்டாங்க. தோல் உரிஞ்சிருக்கக் கூடாது, பூச்சி தொளைச்சிருக்கக் கூடாது, நுனி கிள்ளவே கூடாது. இது கூடத் தெரியாதா உங்களுக்கு?”

கற்பூரம் வாங்க வந்த ஒரு பெண்மணி களுக்கென்று சிரித்தாள்.

அவனும் சிரிக்கத்தான் போனான். ஆனால் யுவராணியின் கண்கள்... பெரிய, கறுத்த, சற்று முன்வரை சண்டைக்குத் தயாராக மினுங்கிய அந்தக் கண்கள், யாரோ உள்ளிருந்து விளக்கை எடுத்துப்போனதுபோல் ஒரே கணத்தில் மாறின. சிரிப்பு அவன் உதட்டிலேயே நின்றுவிட்டது. என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்குப் புரியவில்லை. ஏதோ சொல்லிவிட்டோம் என்பது மட்டும் புரிந்தது.

“தெரியாதுங்க,” என்றாள் அவள் மெதுவாக. “எங்க ஊட்ல ஓமம் வளக்குறது இதுதான் மொத தடவ. தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் விப்பீங்கன்னா, வெளிய போர்டு எழுதி மாட்டுங்க.”

“ஏங்க, நான் அப்டி...”

“உடைச்சது நான். கட்டோட நானே எடுத்துக்கறேன்.”

மற்ற எட்டு வகைக் கட்டுகளும், நெய்யும், பாக்கெட் வரட்டியும் ஏற்கெனவே பைக்குள் இருந்தன. அரசங்கட்டையும் அதன் மேல் போட்டுக்கொண்டு இறங்கினாள். இறங்கிய நேரம் பார்த்து மழை பிடித்தது. துப்பட்டாவைத் தலையில் போடக்கூட நிற்காமல் அவள் போவதையே அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

கல்லா மேசையில் அவள் மறந்துவிட்டுப்போன சாமான் சீட்டு கிடந்தது. புரோகிதரின் கையெழுத்து. ‘ஞாயிறு காலை ஏழரை. ஜெகதீசன் இல்லம், முத்தாபுதுப்பேட்டை. கணபதி, நவக்கிரக ஹோமம். அரசு நூற்றெட்டு...’

அது அவன் கடையிலிருந்த கடைசி அரசங்கட்டு. முகூர்த்த மாதம். இனி புதிதாக வெட்டினால்தான் உண்டு.

கடைக்காரன் கங்காதரன் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பிறகு கொஞ்சம் யோசித்து, உடைந்த மூன்று நுனிகளையும் எடுத்து அதோடு வைத்துக்கொண்டான். ஏனென்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

*

புது வீட்டில் சுண்ணாம்பு வாசனையும் பெயிண்ட் வாசனையும் இன்னும் போகவில்லை. யுவராணி கூடத்துத் தரையில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து ஒன்பது கட்டுகளையும் வரிசையாக வைத்தாள்.

எருக்கு. முருக்கு. கருங்காலி. நாயுருவி. அரசு. அத்தி. வன்னி. அறுகு. தர்ப்பை.

கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. கருங்காலிக் குச்சி சுண்டுவிரல் பருமன்தான், ஆனால் கையில் இரும்பாகக் கனத்தது. எருக்கின் தோலில் சாம்பல் பூத்திருந்தது. அத்தியை முகர்ந்தால் மழை நனைத்த மண். வானத்தில் சுற்றும் ஒவ்வொரு கிரகத்துக்கும் பூமியில் ஒரு செடி என்று யார் முதலில் கண்டுபிடித்தார்கள்? ரயில் தண்டவாளத்து ஓரத்தில் அவள் மிதித்துப்போகும் நாயுருவி புதனுக்கு உரியதா? இத்தனை நாள் எதையெல்லாம் பார்க்காமல் நடந்திருக்கிறோம்!

“குச்சியெல்லாம் வந்துச்சா?” அம்மா வேம்புலியம்மாள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கையில் மூங்கில் தட்டு நிறைய வரட்டி. இரண்டு வாரமாக எதிர்வீட்டுப் பசுவின் சாணத்தைத் தட்டித் தட்டி, மழைக்குத் தார்ப்பாய் போட்டு மூடி, வெயிலுக்குத் திறந்து, பிள்ளையைப்போல் காய வைத்தது.

“பாக்கெட்ல வாங்கியாந்துட்டேன்மா. இது எதுக்கு?”

“கடையில விக்கிறதெல்லாம் வரட்டியா? போடீ.”

அம்மாவும் அப்பாவும் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை ஊரிலிருந்து வந்தவர்கள். ஊரார் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்த நிலத்தில் இப்போது குடோன் நிற்கிறது. அதே குடோனில்தான் அப்பா ஜெகதீசன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அம்மா சிறுமியாக இருந்தபோது நடந்த ஒன்றை எப்போதோ ஒருநாள் சோறு வடித்துக்கொண்டே சொன்னாள். எந்த வருத்தமும் இல்லாமல், மழை வந்ததைச் சொல்வதுபோல் சொன்னாள்.

“பெரிய ஊட்ல ஓமம்னா நாங்கதான் வரட்டி எடுத்துக்கினு போவோம். பின்வாசல்ல வாங்கிப்பாங்க. நான் ஊட்டுக்கு வராம செவுத்தாண்டயே நின்னுக்கினு இருப்பேன். பொக மட்டும் மேல வரும்... வெள்ள வெள்ளையா. கீழ நெருப்பு மஞ்சளா இருக்குமா, செவப்பா இருக்குமான்னு நெனச்சிக்குவேன். எரியிறது நான் தட்டுன வரட்டி. ஆனா நான் பாத்ததில்ல.”

அன்றைக்கு அம்மா சோற்றுப்பானையை இறக்கிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டாள். யுவராணியால்தான் அந்தச் சுவரைத் தாண்டி வர முடியவில்லை. வீடு கட்டி முடிந்ததும் ஹோமம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை அம்மா நெருப்புக்கு நேர் எதிரே, மணையில் உட்காரப் போகிறாள். அந்த நெருப்பில் ஒரு குறையும் இருக்கக் கூடாது.

புரோகிதருக்கு ஃபோன் போட்டுக் கேட்டாள். “நுனி உடைஞ்சது வேண்டாம்மா,” என்றார் அவர். “நூத்தியெட்டும் முழுசா இருக்கட்டும்.”

மூன்று குறைகிறது. மூன்றே மூன்று.

அம்பத்தூரில் கேட்டாள். பூந்தமல்லிக்குப் போகும் தோழியிடம் சொல்லி அங்கும் கேட்கச் சொன்னாள். எங்கும் இல்லை. அந்தக் கடைக்கு மட்டும் திரும்பப் போக மாட்டேன் என்று கால் நின்றது. இது கூடத் தெரியாதா... அவன் என்ன நினைத்துக் கேட்டானோ! அவளுக்கு அது சுவருக்கு உள்ளேயிருந்து வந்த குரலாகவே கேட்டது.

*

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் கொரட்டூர் ஏரிக்கரைக்குப் போனாள். அங்கே ஒரு பெரிய அரசமரம் உண்டு என்று கம்பெனியில் கூட வேலை செய்பவள் சொல்லியிருந்தாள்.

தூறல். ஏரி முழுக்கச் சின்னச் சின்ன வட்டங்கள். மரம் தெரிந்ததும் யுவராணி நின்றுவிட்டாள். இவ்வளவு பெரியதா! காற்றே இல்லை, ஆனாலும் அதன் ஆயிரம் இலைகளும் தனக்குள் ஏதோ பேசிக்கொண்டிருந்தன.

மரத்தடியில் ஒருவன் நின்றான். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வலது உள்ளங்கையை அடிமரத்தில் பதித்து, கண்களை மூடி... அசையாமல். இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டி அவன் முடியில், இமையில், கன்னத்தில் இறங்கியது. அவன் துடைக்கவில்லை.

நெற்றியில் மஞ்சள் இல்லை. ஆனாலும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

திரும்பிப் போய்விடலாம்... கால் நகரவில்லை. ஒரு மனிதன் இப்படி நிற்பதை அவள் பார்த்ததே இல்லை. பெரியவர் ஒருவரின் பதிலுக்குக் காத்திருக்கும் அடக்கம் அந்த முகத்தில் இருந்தது. கோபப்பட வேண்டும் என்று நினைத்து நினைத்து, கடைசியில் மூச்சைச் சத்தமில்லாமல் விட்டாள்.

அவன் கண் திறந்தான். அவளைப் பார்த்தான். மரத்திலிருந்த கை மெல்ல நடுங்கியதை அவள் கவனித்தாள்.

“நீங்க...”

“நீங்க இங்க இன்னா பண்றீங்க?” இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

“மூணு குச்சி வேணும்,” என்றாள் அவள்.

“எனக்கும் மூணுதான் வேணும்,” என்றான் அவன். “ஒருத்தங்க கிள்ளிட்டாங்க.”

சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். “மரத்துகிட்ட இன்னா கேட்டீங்க?”

“குச்சி எடுத்துக்கட்டான்னுதான். கேக்காம வெட்டக் கூடாது.”

“மரம் சரின்னு சொல்லுமாக்கும்?”

“ஒடனே சொல்லாதுங்க. கொஞ்ச நேரம் கைய வெச்சிக்கினு நிக்கணும். அப்புறம்... அவ்ளோதான். தெரியும்.” அவன் பார்வை தாழ்ந்து அவள் துப்பட்டாவில் நின்றது. “கீழ பாருங்க. நாயுருவி. ஒம்போதுல ஒண்ணு தானாவே உங்ககிட்ட வந்து ஒட்டிக்கிச்சு.”

துப்பட்டா ஓரமெல்லாம் முள்விதைகள். அவள் ஒவ்வொன்றாகப் பிய்க்க, அவன் தாழ்ந்த கிளையிலிருந்து மூன்று குச்சிகளை எடுத்தான். முறிக்கவில்லை. சின்னக் கத்தியால் அடியில் மட்டும் ஒரு கீறல். நுனித் தளிர் அப்படியே இருந்தது.

“அன்னிக்கி நான் பேசுனது தப்புங்க. தெனம் இதையே பாத்துக்கினு கீறேனா, எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சிட்டேன்.”

அந்தக் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவளைப் பேச வைத்தது. அம்மாவின் சுவர், பின்வாசல், வெள்ளைப் புகை... யாரிடமும் சொல்லாததையெல்லாம் பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒருவனிடம் சொல்லி முடித்தாள்.

அவன் கத்தியைத் துடைத்து மடக்கினான்.

“எங்க ஊட்லயும் ஒரு பின்வாசல் இருந்துச்சுங்க,” என்றான். “பூந்தமல்லி பக்கம், பழைய ஊடு. சின்ன வயசுல ஓமம்னா என்ன நெருப்பு பக்கத்துலயே ஒக்கார வெப்பாங்க. கண்ணு எரியுதுன்னு அழுவேன். பின்னாடி வரட்டி யார் குடுத்துட்டுப் போறாங்கன்னு ஒரு நாளும் எட்டிப் பாத்ததில்ல.”

மழை வலுத்தது. அவன் குச்சிகளை நீட்டினான்.

யுவராணியின் கை பாதியில் நின்றது. “எங்கம்மா பாக்கக் கெடைக்காதத... நீங்க வேணாம்னு அழுதிருக்கீங்க,” என்றாள்.

குச்சிகளை வாங்காமல் நடந்தாள். ஏரிக்கரை முழுவதும் மழை. கன்னத்தில் வழிந்தது எது என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் அப்போது சின்னப் பையன், அவனை எப்படிக் குற்றம் சொல்வது? சொல்லாமல் மறைத்திருக்கலாம் அல்லவா? மறைக்காமல் சொன்னானே... அந்த உண்மைதான் அவளுக்கு வலித்தது. அதே உண்மைதான் சனிக்கிழமை முழுவதும் அவனையே நினைக்க வைத்தது.

*

ஞாயிறு காலை. வாசலில் வாழைமரம் கட்டியாயிற்று. செங்கல் அடுக்கி, மணல் பரப்பி, கோலம் போட்ட குண்டம் கூடத்தின் நடுவே காத்திருந்தது. நூற்றைந்து அரசங்குச்சிகள்தான் இருக்கின்றன என்று புரோகிதரிடம் எப்படிச் சொல்வது என்று யுவராணி தவித்துக்கொண்டிருந்தாள்.

“யாருப்பா அது? ஏன் கேட்டாண்டயே நிக்கிற?” அம்மாவின் குரல்.

ஓடிப்போய்ப் பார்த்தாள். அவன்தான்! தலைவாரி, வெள்ளைச் சட்டை போட்டு, ஈரத்துணியில் சுற்றிய மூன்று குச்சிகளோடு.

“சாமான் கடையிலேந்து வரேன்மா. இத குடுத்துட்டுப் போலாம்னு...”

“அட, நீதான் கடக்காரனா? இரு, இரு.” அம்மா உள்ளே போய்ப் பாக்கெட் வரட்டியோடு வந்தாள். ஒன்றை எடுத்துக் காதருகே தட்டினாள். இரண்டாக உடைத்து அவன் மூக்கருகே நீட்டினாள். “மோந்து பாரு. சாணி வாசம் கீதா? பாதி மரத்தூளு. பத்தும், ஆனா நிக்காது. தட்டுனா கணீர்னு கேக்கணும், உடைச்சா உள்ள நார் தெரியணும். கடை வெச்சிக்கினு கீற... இது கூடத் தெரியாதா நைனா?”

கங்காதரன் யுவராணியைப் பார்த்தான். யுவராணி கங்காதரனைப் பார்த்தாள். இருவருக்கும் ஒரே சமயத்தில் முகம் சிவந்தது.

“தெரியாதும்மா,” என்றான் அவன், முழு மனதோடு. “கத்துக்குடுங்க.”

“பொறவு வா, கத்துத் தரேன்,” என்று அம்மா தன் வரட்டித் தட்டோடு உள்ளே போனாள். யுவராணி குச்சிகளை வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்ல நினைத்தாள். அதற்குள் புரோகிதர் கூப்பிட்டுவிட்டார்.

அம்மாவும் அப்பாவும் மணையில் உட்கார்ந்தார்கள். அப்பாவின் புது வேட்டி விறைத்து நின்றது. அம்மாவின் வரட்டி அடியில், அதன் மேல் ஒரே ஒரு கற்பூரம்.

பற்றியது.

முதலில் ஒரு சின்ன நாக்கு. அது வரட்டியின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தது. பிறகு நெய் விழுந்ததும்... ஆ! யாரோ உறக்கத்திலிருந்து எழுந்து நின்றதுபோல் நெருப்பு எழுந்து நின்றது. புது வீட்டுச் சுவர்களெல்லாம் பொன்னிறமாயின. மந்திரம் ஏற ஏற அதுவும் ஏறியது. எருக்கு வெடித்தது, அத்தி மணத்தது, கருங்காலி கனன்றது. செடிகளாக மண்ணில் நின்றவையெல்லாம் ஒளியாகி மேலே போய்க்கொண்டிருந்தன.

யுவராணி அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அம்மா கண் சிமிட்டவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஐம்பது வயது கரைந்து, பாவாடை கட்டிய ஒரு சிறுமி சுவரின் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்திருந்தாள்.

“ராணி...” அம்மாவின் குரல் காற்றாக வந்தது. “மஞ்சளும் கீது, செவப்பும் கீது. அடியில பாருடீ... நீலம்! நீலம் இருக்கும்னு நான் நெனக்கவே இல்லியே...”

யுவராணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நெய் எடுக்கும் சாக்கில் சமையலறைக்குப் போனாள். பின்கதவு திறந்திருந்தது.

அங்கே, மதில் ஓரமாக, அவன் நின்றுகொண்டிருந்தான். ஜன்னல் வழியே வெளியேறி மேலே போகும் வெள்ளைப் புகையை அண்ணாந்து பார்த்தபடி.

“இன்னும் போவலியா நீங்க?”

அவன் திடுக்கிட்டான். “இல்லங்க... நீங்க வான்னு சொல்லல. போவவும் மனசு வரல. அதான் இப்டி சுத்தி வந்து...” புகையைக் காட்டினான். “உங்கம்மா எவ்ளோ நேரம் இப்டி நின்னிருப்பாங்க?”

அவள் கோபம் இருந்த இடத்தைத் தேடினாள். அங்கே வேறு ஏதோ உட்கார்ந்திருந்தது.

“எங்க ஊட்ல பின்னாடி யாரும் நிக்கக் கூடாது,” என்றாள். “அதுக்குத்தான் இந்த ஊடே கட்னோம். முன்னாடி வாங்க.”

அவன் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக வந்தான். அவளுக்கு ஒரு கை தூரத்தில் நின்றான். கடைசி மூன்று அரசங்குச்சிகளைப் புரோகிதர் அம்மாவின் கையில் கொடுத்தார். நுனித் தளிரோடு, முழுசாக. நூற்றாறு... நூற்றேழு... நூற்றெட்டு. நெருப்பு அவற்றை ஏந்திக்கொண்டது. அம்மாவின் கன்னத்தில் இறங்கிய நீர் அந்த ஒளியில் மின்னியது.

*

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். அம்மா மட்டும் குண்டத்தருகே, இன்னும் கனன்றுகொண்டிருந்த தன் வரட்டியைப் பார்த்தபடி இருந்தாள்.

யுவராணி வாசல்வரை வந்தாள். அவன் செருப்பைத் தேடுவதுபோல் நெடுநேரம் தேடினான்.

“கண்ணு எரியுதா?” என்று கேட்டாள்.

“எரியுது.” சிரித்தான். “இந்தத் தடவ அழுவல.”

“பொய். செவந்து கீது.”

அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். அவளுடைய சாமான் சீட்டு. அதற்குள் மூன்று உலர்ந்த நுனிகள்.

“இத வெச்சிக்கினா கீறீங்க!”

“தூக்கிப்போட மனசு வரல...” அவன் நுனிகளைப் பார்த்தே பேசினான். “அன்னிக்கி மரத்துகிட்ட நான் குச்சி மட்டும் கேக்கல. ரெண்டு கேட்டேன்.”

அவளுக்குக் காதுமடல் சுட்டது. “இன்னொண்ணு இன்னா?”

“அந்தக் கண்ண மறுபடி ஒரு தடவ பாக்கணும்னு. கேட்டு முடிச்சிட்டுக் கண்ணத் தெறக்குறேன்... நீங்க நிக்கிறீங்க.” நிமிர்ந்தான். “கை நடுங்கிப் போச்சுங்க எனக்கு.”

ஏரியின் வட்டங்கள், இலைகளின் பேச்சு, நீலமாய் எழுந்த நெருப்பு... எல்லாம் ஒன்றாக யுவராணியின் நெஞ்சுக்குள் வந்து நின்றன.

“இந்த வாசல்லயே மறுபடி வந்து கேக்கட்டா?” என்றான் அவன். “எங்கம்மாவக் கூட்டிக்கினு...”

“உங்க ஊட்ல ஒத்துப்பாங்களா?”

“சண்ட நடக்கும். நடக்கட்டும். அவங்க ஒத்துக்கினாலும் ஒத்துக்காட்டியும் நான் வருவேன். ஆனா நீங்க சொல்லணும். இப்பவே சொல்ல வேணாம்... நான் நிக்கிறேன். எவ்ளோ நேரம்னாலும்.”

உள்ளே அம்மாவின் வரட்டி மெல்லச் சடசடத்தது.

தேறாததை ஒதுக்கி ஒதுக்கிப் பழகிய தன் கையை யுவராணி ஒருமுறை பார்த்தாள். பிறகு அந்தக் கையை நீட்டி, அவன் உள்ளங்கையில் கிடந்த மூன்று நுனிகளின் மேல் பதித்தாள்.

“மரம்தான் ஒடனே சொல்லாது,” என்றாள்.

அவன் அவள் கண்களைப் பார்த்தான்.

“நான் சொல்லிடறேன்... சரி.”